எவர்சில்வர் ரிவால்வர்: அமெரிக்கப் போலீஸின் வெள்ளைத் துப்பாக்கியை எப்படி இனம் காண்பது?

பழைய அமெரிக்கப் புகைப்படம் ஒன்றில் போலீஸ்காரரின் இடுப்பில் ரிவால்வர் வெள்ளையாகப் பளபளக்கிறது. பார்த்தவுடன் ‘எவர்சில்வர் துப்பாக்கி’ என்று சொல்லிவிடத் தோன்றும். படம் 1965-க்கு முன் எடுத்ததாக இருந்தால் அப்படிச் சொல்ல இடமே இல்லை. சாதாரண எஃகின் மேல் ஏற்றிய நிக்கல் முலாம்தான் அப்படி மின்னுகிறது. 1965-க்குப் பிந்தைய படம் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கியே தன் உடம்பில் எங்கெங்கோ எழுதி வைத்திருப்பதைப் படிக்கத் தெரிந்தால், அது என்ன உலோகம், எந்தக் காலத்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். சில சமயம் யார் கையில் இருந்தது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கானது. வாங்க, விற்க வழிகாட்டி இல்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத பொருள் இது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னாலோ படத்திலோ பார்க்கும்போது ‘ஓ, இது அதுவல்லவா’ என்று புரிந்தால் போதும்.

வியர்வையும் துருவும்

போலீஸ் ரிவால்வரின் பிரச்சினை சுடுவதில் இல்லை. பெரும்பாலான அதிகாரிகள் பயிற்சி மைதானத்துக்கு வெளியே ஒரு முறைகூடச் சுடாமல் ஓய்வு பெற்றவர்கள். துப்பாக்கி படும் பாடெல்லாம் சுமப்பதில்தான். நாள் முழுக்கத் தோல் உறைக்குள் இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். வியர்வை, மழை, பனி எல்லாம் அதன்மேல் இறங்கும். தோலைப் பதனிடப் பயன்படுத்திய உப்புகளும் அமிலங்களும் உறையிலேயே தங்கியிருக்க, ஈரத்தையும் அந்தத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினால், சில நாளிலேயே எஃகின் மேல் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கும்.

அன்றைய துப்பாக்கிகளின் வழக்கமான மேற்பூச்சு கருநீல மெருகு. பூச்சு என்று சொன்னாலும் மேலே எதையும் தடவுவதில்லை. சூடான இரசாயனக் கரைசலில் முக்கி, எஃகின் மேற்பரப்பையே மெல்லிய கருப்பு இரும்பு ஆக்ஸைடாக மாற்றுவார்கள். பார்க்க அழகு. துருவைத் தடுப்பது அதன்மேல் தடவும் எண்ணெய்தானே தவிர அந்த மெருகு இல்லை. உறையில் செருகி உருவி உரசினால் முதலில் குழலின் முனையில் வெளுக்கும், பிறகு தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் விளிம்புகளில்.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்த மாற்று நிக்கல் முலாம். ஈரத்தைக் கருநீல மெருகைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் முலாம் முலாம்தான். ஓரிடத்தில் கீறினாலோ பெயர்ந்தாலோ அந்த ஓட்டை வழியே ஈரம் உள்ளே போய், அடியில் துரு பரவி, முலாம் செதில் செதிலாக உரியும். வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னுவதும் போலீஸ் வேலைக்கு உகந்ததில்லை.

1913 முதல் 1965 வரை

துருப்பிடிக்காத எஃகின் கதையே துப்பாக்கியிலிருந்துதான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளரிடம், துப்பாக்கிக் குழல்கள் சூட்டாலும் வாயுவாலும் உள்ளே அரித்துப் போவதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்படி கேட்டிருந்தார்கள். குரோமியத்தைக் கூட்டிக் குறைத்துப் பல வார்ப்புகளைச் செய்து பார்த்த அவர், 1913 ஆகஸ்டில் ஏறத்தாழ 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கரியும் கொண்ட எஃகை வார்த்தார். ஆய்வுக்காக அமிலம் தடவினால் அரிக்க மறுத்த அந்த எஃகு போய்ச் சேர்ந்த இடம் குழல் இல்லை. ஷெஃபீல்டின் பரம்பரைத் தொழிலான கத்தி, முள்கரண்டிக்குப் போனது.

எஃகில் குரோமியம் சுமார் பத்தரை சதவீதத்தைத் தாண்டும்போது, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்ஸைடுப் படலம் ஒன்று தானாக உருவாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் மறுபடி மூடிக்கொள்ளும். முலாம் செய்ய முடியாத வேலை இது. அந்தப் படலம் வெளியிலிருந்து ஒட்டியது இல்லை, எஃகிலிருந்தே பிறப்பது.

அப்படியென்றால் துப்பாக்கிக்காரர்கள் ஏன் இன்னும் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள்? காரணம் இரண்டு. முதலாவது, இந்த எஃகைக் கடைவதும் துளைப்பதும் கடினம். வெட்டும் கருவியை வேகமாகத் தேய்த்துவிடும். இரண்டாவது இன்னும் மோசம். ஒரே மாதிரி துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள் இரண்டு அழுத்தத்தோடு உரசினால், மேற்பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துகொள்ளும். ரிவால்வரின் உள்ளே இருப்பதெல்லாம் உரசும் பகுதிகள்: விரலால் இழுக்கும் விசை சுத்தியலைத் தள்ளுகிறது, ஒரு சிறு கை சிலிண்டரைச் சுழற்றுகிறது, ஒரு முளை அதை நிறுத்துகிறது. அங்கே ஒட்டிப் பிய்ந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். பகுதிக்குப் பகுதி கடினத்தன்மை வேறுபடும்படி சூடேற்றிப் பதப்படுத்துவதும், உரசும் சில உறுப்புகளை வேறு எஃகில் செய்வதும்தான் கடைசியில் கைகொடுத்தன.

மாடல் 60

அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1950-இல் ஐந்து தோட்டா கொள்ளும் ஒரு சின்ன ரிவால்வரை வெளியிட்டிருந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்களின் மாநாட்டில் காட்டியபோது கூடியிருந்தவர்களே பெயரைத் தேர்ந்தெடுத்ததால் அது ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ ஆனது. பின்னாளில் மாடல் 36 என்ற எண்ணும் கிடைத்தது. சாதாரண உடையில் திரியும் துப்பறிவாளர்கள் சட்டைக்குள்ளும், சீருடைக்காரர்கள் கணுக்காலிலும் மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கி. உடம்போடு இதைவிட நெருங்கிக் கிடக்கும் துப்பாக்கி வேறு இல்லை. வியர்வைக்கு முதல் பலியும் அதுதான்.

1965-இல் அதே துப்பாக்கியைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து மாடல் 60 என்று வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் தொடர்ந்து தயாரித்து விற்ற முதல் எவர்சில்வர் ரிவால்வர் இதுவே. ஆரம்பகால மாடல் 60-ஐப் பார்த்தால் நிக்கல் என்றே நினைக்கத் தோன்றும். அவ்வளவு பளபளவென மெருகேற்றியிருந்தார்கள். போலீஸ்காரர்களுக்கு வேண்டியது மின்னல் இல்லை என்று புரிந்த பிறகு, மங்கலான பட்டுப்போன்ற மேற்பரப்புக்கு மாறினார்கள். இன்று ‘எவர்சில்வர் ரிவால்வர்’ என்றதும் மனதில் வரும் அந்த மங்கிய வெள்ளை அப்படி வந்தது. ஆகவே பளபளப்பான மாடல் 60 ஒன்று கண்ணில் பட்டால் இரண்டு வாய்ப்பு: முதல் சில ஆண்டுகளில் செய்த அரிய ஒன்று, அல்லது யாரோ பொழுதுபோகாமல் மெழுகும் துணியும் வைத்துத் தேய்த்த சாதாரண ஒன்று. இரண்டாவதுதான் அதிகம்.

60-இல் தொடங்கும் எண்வரிசை

மாடல் 60 நன்றாக விற்றதும், முழு அளவு சீருடைத் துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாக எவர்சில்வருக்கு மாற்றினார்கள். தொடக்கக்காரர்கள் குழம்பும் இடம் இது. ஒரு சூத்திரம் பிடிபட்டால் தெளிந்துவிடும்: கருநீலத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு எவர்சில்வர் இரட்டை உண்டு, அதற்குத் தனி எண் உண்டு.

1899 முதல் வடிவம் அதிகம் மாறாமல் வந்த, அமெரிக்கப் போலீஸின் சாதாரணத் துப்பாக்கியான மாடல் 10-இன் இரட்டை மாடல் 64. இது 1970-இல் வந்தது. ஆறு தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, குழலின் மேல் குறிபார்க்க அசையாத குறிப்பார்வை. நகர்த்திச் சரிசெய்யும் குறிப்பார்வை கொண்ட மாடல் 15-இன் இரட்டை மாடல் 67. அதிக வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கான மாடல் 19-இன் இரட்டை மாடல் 66. எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் வலியுறுத்திக் கேட்டு 1955-இல் உருவான துப்பாக்கி அந்த மாடல் 19. மாடல் 13-இன் இரட்டை மாடல் 65, அதாவது மாடல் 64 போன்ற எளிய உடம்பில் .357 மேக்னம். இவற்றுக்கு நடுவே மாடல் 68 என்று ஒரு விசித்திரம். அது மாடல் 66-இன் உடம்பு, ஆனால் .38 ஸ்பெஷல் மட்டுமே சுடும். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் துறைக்காகச் செய்தது. 1970 ஏப்ரலில் நியூஹால் என்ற இடத்தில் தன் அதிகாரிகள் நால்வரை ஒரே இரவில் இழந்த துறை அது. எல்லா அதிகாரிகளும் ஒரே வகைத் தோட்டாவையே வைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அதன்பின் வந்தது. மேக்னம் தோட்டா உள்ளேயே நுழையாத ஆனால் மேக்னம் துப்பாக்கியின் வசதிகள் உள்ள ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

.38-க்கும் .357-க்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு: குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றுதான், சுமார் 0.357 அங்குலம். .38 என்பது பழைய பெயர் மட்டும். மேக்னம் தோட்டாவின் கூடு .38-இன் கூட்டைவிட 0.135 அங்குலம், அதாவது ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் அதிக நீளம். .38 துப்பாக்கியில் அது முழுதாக இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கூடுதல் நீளம். எனவே மேக்னம் துப்பாக்கியில் .38 சுடலாம், மாற்றிச் செய்ய முடியாது. மாடல் 64-ஐயும் 65-ஐயும் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். குழலின் பக்கத்தில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரைப் படித்தால் சந்தேகம் தீர்ந்தது.

மாடல் 66-க்கு ஒரு பலவீனம் இருந்தது. குழலின் பின்முனை, சிலிண்டருக்கு எதிரே இருக்கும் வாய், அடிப்பக்கத்தில் இடம் போதாமல் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். காவல் துறைகள் பயிற்சிக்கு மென்மையான .38-ஐச் சுட்டு, வேலைக்கு மட்டும் மேக்னம் எடுத்துப்போன காலத்தில் அது தெரியவில்லை. வேலைக்கு எதுவோ அதையே பயிற்சியிலும் சுட வேண்டும் என்று மாறியதும், குறிப்பாக 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள வேகமான குண்டுகளால், அந்தத் தட்டையான இடத்தில் விரிசல் விழத் தொடங்கியது. அதற்குப் பதிலாக 1980-களின் தொடக்கத்தில் கொஞ்சம் பெரிய உடம்போடு மாடல் 686 வந்தது. குழலுக்கு அடியில் முனைவரை நீளும் கனமான பட்டை அதன் முக அடையாளம். தூரத்திலிருந்தே தெரியும்.

ரூகர், கோல்ட்

பில் ரூகரின் நிறுவனம் போலீஸ் சந்தைக்குத் தாமதமாக வந்தது, ஆனால் மலிவாக வந்தது. ஸ்மித் அண்ட் வெசன் எஃகைச் சூடாக்கி அடித்துப் பிறகு கடைந்துகொண்டிருந்தபோது, ரூகர் மெழுகு வார்ப்பில் இறங்கினார். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிப் பீங்கான் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுவது. கடைவதற்கு அடம்பிடிக்கும் எஃகை, கிட்டத்தட்ட முடிந்த உருவத்திலேயே வார்த்துவிட்டால் பாதித் தலைவலி போயிற்று. 1970-களின் தொடக்கத்தில் கருநீலத்தில் வந்த ‘செக்யூரிட்டி சிக்ஸ்’, ‘சர்வீஸ் சிக்ஸ்’, ‘ஸ்பீடு சிக்ஸ்’ என்ற மூன்று சகோதரர்களுக்கும் 1975 முதல் எவர்சில்வர் வடிவம் கிடைத்தது. நகரும் குறிப்பார்வை இருந்தால் செக்யூரிட்டி. அசையாத குறிப்பார்வையும் சதுரமான கைப்பிடி அடியும் இருந்தால் சர்வீஸ். அடி உருண்டிருந்தால் ஸ்பீடு. 1980-களின் நடுவில் இவற்றின் இடத்துக்கு ஜிபி100 வந்தது.

கோல்ட் நிறுவனம் ஒரு காலத்தில் போலீஸ் சந்தையின் அரசன். எவர்சில்வர் விஷயத்தில் தூங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1955-இல் பிறந்த அதன் புகழ்பெற்ற ‘பைத்தான்’ எவர்சில்வரில் வந்தது 1980-களில்தான். ‘கிங் கோப்ரா’ வந்தது 1986-இல். அதற்குள் ரிவால்வரின் நாட்களே எண்ணப்பட்டுவிட்டன. ஆஸ்திரியாவிலிருந்து வந்த கிளாக் போன்ற தானியங்கிப் பிஸ்டல்கள் நுழைந்துகொண்டிருந்தன. 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சண்டை, ‘ஆறு தோட்டா போதாது’ என்ற வாதத்துக்கு வலு சேர்த்தது. அந்தச் சண்டையை முடித்துவைத்தது, கை சிதைந்த நிலையில் எட்மண்டோ மிரேலஸ் என்ற அதிகாரி சுட்ட ரிவால்வர் என்பது அந்த வாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

நியூயார்க் மட்டும் மெதுவாக நகர்ந்தது. 1980-களின் இறுதியில் அங்கே வேலையில் சேர்ந்தவர்களின் துப்பாக்கி, சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்து வைக்கவே முடியாதபடி மாற்றிய மாடல் 64. இழுத்து வைத்த சுத்தியலோடு விசை மிக இலேசாக இயங்கும், பதற்றத்தில் விரல் பட்டாலே வெடித்துவிடும் என்பதுதான் பயம். 1993-இல் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு அனுமதி கிடைத்த பிறகும், விருப்பப்பட்ட பழைய அதிகாரிகள் ரிவால்வரையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசிச் சிலரும் 2018-இல்தான் கைவிட்டார்கள்.

கையில் வந்தால் எங்கே பார்ப்பது?

உரிமம் உள்ளவர் காட்டும்போதும் முதல் வேலை ஒன்றுதான்: குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, சிலிண்டரை வெளியே தள்ளி, எல்லா அறைகளும் காலி என்று கண்ணால் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி.

யார் செய்தது என்பது, பெயரைப் படிக்காமலே தெரியும். சிலிண்டரைத் திறக்கும் குமிழை முன்னால் தள்ளினால் ஸ்மித் அண்ட் வெசன், பின்னால் இழுத்தால் கோல்ட், உள்ளே அழுத்தினால் ரூகர். உள் உறுப்புகளை மூடும் பக்கத் தகடு திருகுகளோடு வலப்புறம் இருந்தால் ஸ்மித் அண்ட் வெசன், இடப்புறம் இருந்தால் கோல்ட். பக்கத் தகடே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் ரூகர். பின்னாலிருந்து பார்க்கும்போது கோல்டின் சிலிண்டர் கடிகாரம் சுற்றும் திசையில் சுழலும், மற்ற இரண்டும் எதிர்த்திசையில். புகைப்படத்தை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும் என்றால், குழலுக்கு அடியில் இருக்கும் கம்பியின் முனையைப் பாருங்கள். சுட்ட கூடுகளைத் தள்ளும் அந்தக் கம்பி, முன்னால் ஒரு முளையில் பொருந்தி நின்றால் ஸ்மித் அண்ட் வெசன். பழைய கோல்டுகளில் அது அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து மாடல் எண். ஸ்மித் அண்ட் வெசன் 1957 முதல் எண்களைக் கொடுக்கத் தொடங்கியது. எண் வெளியே தெரியாது. சிலிண்டரை வெளியே திறந்தால், அதைத் தாங்கும் கை மூடியிருந்த இடத்தில், உடம்பில் பொறித்திருக்கும். 64-3, 66-2 என்கிற மாதிரி. இடைக்கோட்டுக்குப் பின் வரும் எண் ஆண்டைக் குறிக்காது. வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றம் என்பதையே குறிக்கும். இந்த ஓர் எண்தான் நிக்கலா எவர்சில்வரா என்ற கேள்வியைத் தீர்க்கிறது: வெள்ளையாக இருந்து மாடல் 10 என்று எழுதியிருந்தால் முலாம், மாடல் 64 என்றிருந்தால் எவர்சில்வர். கண்ணை நம்ப வேண்டிய வேலையே இல்லை.

அதே இடத்தில் வேறு சில எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையில் பூட்டும்போது பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கப் போட்டவை. தொடர் எண் என்று நினைத்து அவற்றைக் குறித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. உண்மையான தொடர் எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். பெரிய ரப்பர் கைப்பிடி போட்டிருந்தால் அதைக் கழற்ற வேண்டிவரும். 1970 முதல் 1980-களின் தொடக்கம் வரையான மாடல் 64-களில் அந்த எண்ணுக்கு முன் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும், அதே கால மாடல் 60-களில் ‘ஆர்’ எழுத்தும் வரும். அதற்குப் பிறகு மூன்றெழுத்து முன்னொட்டு.

ஆண்டைத் தோராயமாகக் கணிக்கச் சில உடல் அடையாளங்கள் உண்டு. குழல் உடம்போடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு சிறு ஆணி தெரிந்தால் 1982-க்கு முந்தையது. அதே காலத்து மேக்னம் மாடல்களில், தோட்டாவின் விளிம்பு உள்ளே அமிழ்ந்து மறையும்படி சிலிண்டரின் பின்புறம் குடைந்திருக்கும். .38-களில் அந்தக் குடைவு இருக்காது, இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். சிலிண்டர் குமிழுக்கு மேலே சாவித் துவாரம் போலச் சின்ன ஓட்டை இருந்தால் 2001-க்குப் பிந்தையது. அது போலீஸ் காலத்தது இல்லை, கடைக்கு வந்த துப்பாக்கி என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

ஆரம்பகால 686-இல் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து தனியாகக் குத்தியிருக்கலாம். சில தோட்டாக்களைச் சுடும்போது, தோட்டாவின் அடியில் இருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமரின் மென்மையான உலோகம் பின்னோக்கி ஊசித்துளைக்குள் வழிந்து, சிலிண்டர் சுழல மறுத்தது. 1987-இல் நிறுவனம் அறிவிப்பு கொடுத்து, துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, அந்தப் பகுதியை மாற்றிக் குத்திக் கொடுத்த எழுத்து அது. பழுது என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் பழுது நீங்கியதற்கான சான்று.

ரூகரில் தேடல் இன்னும் சுலபம். பெயர் உடம்பிலேயே பொறித்திருக்கும். மாடல் எண்கள் கருநீலத்துக்கு 1-லோ 2-லோ, எவர்சில்வருக்கு 7-லும் தொடங்கும். 107 கருநீல சர்வீஸ் சிக்ஸ் என்றால் 707 அதன் எவர்சில்வர் இரட்டை. செக்யூரிட்டியில் 117-க்கு 717, ஸ்பீடில் 207-க்கு 737. 1976-இல் செய்த ரூகர்களின் குழலில் ‘அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டில் செய்தது’ என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரி இருந்தால் ஆண்டைக் கண்டுபிடிக்க வேறு எதுவும் தேவையில்லை.

காந்தம் ஏன் உதவாது?

எழுத்துகள் தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, ‘காந்தம் வைத்துப் பார், ஒட்டாவிட்டால் எவர்சில்வர்’ என்று யாராவது சொல்வார்கள். சமையலறை அனுபவம் அது. நல்ல எவர்சில்வர் டம்ளரில் காந்தம் ஒட்டாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்து அதன் உள்ளமைப்பையே மாற்றிவிடுவதுதான் காரணம். ஆனால் அந்த வகையைச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது. துப்பாக்கிக்கு வேண்டியது கடினமாக்கக்கூடிய எஃகு. ஆகவே 400 வரிசை என்று சொல்லப்படும், 12 சதவீதத்தை ஒட்டிய குரோமியம் மட்டும் உள்ள, நிக்கல் அநேகமாக இல்லாத வகையைப் பயன்படுத்துகிறார்கள். பிரியர்லி வார்த்ததற்கு நெருங்கிய உறவு. சமையலறைக் கத்தியும் அதே குடும்பம். இதில் காந்தம் கச்சிதமாக ஒட்டும். நிக்கல் முலாம் பூசிய சாதாரண எஃகிலும் ஒட்டும். இரண்டிலும் ஒட்டுகிற காந்தத்தை வைத்து என்ன செய்ய?

இதே காரணத்தால் எவர்சில்வர் ரிவால்வர் டம்ளரைப் போலத் துருவே பிடிக்காத பொருளும் இல்லை. குரோமியம் குறைவு. வியர்வையில் ஊறவிட்டால் பழுப்புப் புள்ளி வரும். ‘துரு தெரிகிறது, அதனால் எவர்சில்வர் இல்லை’ என்ற முடிவும் ஆக, தவறு. புள்ளி மேலோட்டமாக இருந்து, எண்ணெய்த் துணியால் தேய்த்ததும் போய்விட்டால் எவர்சில்வர். ஓரத்தில் முலாம் தூக்கிக்கொண்டு அடியிலிருந்து துரு எட்டிப்பார்த்தால் நிக்கல்.

பழகிய கண் வேறு சிலவற்றையும் பார்க்கும். நிக்கலின் வெள்ளையில் இலேசான மஞ்சள் சூடு இருக்கும். எவர்சில்வர் சாம்பல் கலந்த குளிர்ந்த வெள்ளை. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் இது புரியும், தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். விசையும் சுத்தியலும் நல்ல துப்பு: நிக்கல் முலாம் பூசிய ஸ்மித் அண்ட் வெசன்களில் அவை பெரும்பாலும் நீலமும் பழுப்பும் கலந்த திட்டுத்திட்டான நிறத்தில் இருக்கும். எவர்சில்வர் மாடல்களில் வெள்ளையாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளை பல ஆண்டுகளுக்கு மெல்லிய குரோம் பூச்சுதான், அடியில் சாதாரண எஃகு. ஒட்டிப் பிய்வதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு. எவர்சில்வர் துப்பாக்கியிலேயே முலாம் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. கோல்டுகளில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. 1980-களில் மின்சாரம் இல்லாமல் இரசாயனத்தால் ஏற்றும் மங்கலான நிக்கல் பூச்சு ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். மங்கலாக இருப்பதால் அது அசப்பில் எவர்சில்வர்தான். கோல்டைப் பொறுத்தவரை நிறத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள் பாவம்.

போலீஸ் துப்பாக்கிதானா?

மாடல் 64 கடையிலும் விற்றது, காவல் துறைக்கும் போனது. எண் ஒன்றுதான். காவல் துறையில் இருந்த துப்பாக்கிக்கு ஒரு முகம் உண்டு: வெளியே உறையின் உரசலால் குழல் முனையிலும் சிலிண்டரிலும் நீளக் கீறல்களும் பளபளத்த திட்டுகளும். உள்ளே குழலின் வரிப்பள்ளங்கள் புதுசு போலக் கூர்மையாக. தினமும் சுமந்து, அரிதாகச் சுட்டதன் தடயம். கைப்பிடியின் பின்முதுகிலோ பக்கவாட்டிலோ துறையின் பெயர்ச் சுருக்கமோ, அலமாரி எண்ணோ குத்தியிருக்கலாம். சுங்கத் துறைக்காகச் செய்த 686-களில் ‘சிஎஸ்-1’ என்ற குறி உண்டு. விரலால் பின்னுக்கு இழுக்கும் முளை நறுக்கப்பட்ட சுத்தியலும் ஒரு குறிப்பு, ஆனால் கடைக்காரர்களும் நறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

கீறல்களை அழித்துக் கண்ணாடிபோல் மெருகேற்றியதைப் பார்த்தால் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். கீறலோடு குத்திய எழுத்துகளின் விளிம்பும் கரைந்துபோகும், வரலாறும் போய்விடும். மாறாக, துறையின் ஆயுதப் பட்டறையே சன்னக் கண்ணாடி மணிகளை வீசியடித்து மேற்பரப்பைச் சீராக்கியிருந்தால் உடம்பெங்கும் ஒரே மாதிரி மந்தமான சாம்பல் நிறம் வரும். அது பழுது இல்லை, பணிக்காலத்தின் பகுதியே.

துறைக்குறி குத்துவது கடினமான வேலை இல்லை. குறி இருந்தால் விலை கூடும் என்பதால் பின்னால் குத்தியவையும் சந்தையில் உண்டு. குறியின் எழுத்துக்குழிக்குள் அழுக்கும் தேய்மானமும் சுற்றியுள்ள மேற்பரப்போடு ஒத்துப்போகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். அதற்கும் மேலே உறுதி வேண்டும் என்றால், ஸ்மித் அண்ட் வெசன் பதிவேடுகளிலிருந்து கட்டணத்துக்குக் கடிதம் எழுதித் தருகிறார்கள். தொடர் எண்ணைக் கொடுத்தால், அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது, யார் முகவரிக்குப் போனது என்று வரும். மொத்த வியாபாரியின் பெயர் வந்தால் விஷயம் அங்கேயே நிற்கும், ஏனென்றால் பல துறைகள் வியாபாரிகள் வழியாகவே வாங்கின. காவல் துறையின் பெயரே வந்தால், கைப்பிடியில் குத்தியிருப்பதும் கடிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி.